வெளிநாட்டுக் கிராமங்களில் ராணுவ மருத்துவக் குழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரிலிருந்து வெளிநாட்டுக் கிராமங்களுக்கு ராணுவ மருத்துவக் குழுவோடு போகிறவர்களுக்காக எழுதப்பட்ட பக்கம் இது. தேசிய சேவையில் இருக்கும் மெடிக்குகள் (முதலுதவியும் அடிப்படைச் சிகிச்சையும் கற்ற படைவீரர்கள்), மருத்துவமனை வேலையோடு போர்க்காலப் படைவீரராகவும் இருக்கும் மருத்துவர்கள், தாதியர், பல் மருத்துவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். அவர்களுடைய வீட்டார் கேட்கும் கேள்விகளும் சில உண்டு.

மருத்துவம் பார்க்க ராணுவம் ஏன் போக வேண்டும்? தொண்டு அமைப்புகள் போதாதா?

பெரும்பாலான நேரங்களில் போதும். ராணுவ மருத்துவர் மற்றவரைவிடக் கெட்டிக்காரர் என்று யாரும் அழைப்பதில்லை. கப்பல், ஹெலிகாப்டர், கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம், வானொலித் தொடர்பு, இவற்றை ஓரிரு நாளில் கிளப்பும் ஆள்பலம் எல்லாம் ராணுவத்திடம் இருப்பதால் அழைக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தோனீசியாவின் அச்சே மாநிலத்தில், மேற்குக் கரையிலிருந்த மெலாபோ நகருக்குப் போகும் சாலைகளும் பாலங்களும் அறுந்து கிடந்தன. சிங்கப்பூர்க் கடற்படையின் எண்டியூரன்ஸ் வகைக் கப்பல்கள் கரைக்கு அப்பால் நின்று, தரையிறங்கு படகுகளில் ஆட்களையும் மருந்தையும் மண் தள்ளும் இயந்திரங்களையும் இறக்கின. சாலை வழியே போயிருக்கக்கூடிய எந்த அமைப்பும் அந்த நாள்களில் அதைச் செய்திருக்க முடியாது.

பேரிடர் அல்லாத பயணங்களும் உண்டு. அமெரிக்கக் கடற்படை 2006 முதல் நடத்தும் பசிபிக் பார்ட்னர்ஷிப் போன்ற கூட்டுப் பயிற்சிகளில் பல நாட்டு ராணுவ மருத்துவர்கள் தீவுகளுக்குப் போகிறார்கள். சிங்கப்பூர் ஆயுதப்படையும் அதில் பங்கெடுத்திருக்கிறது. மூன்றாவது வகை, சண்டை ஓயாத அல்லது அப்போதுதான் ஓய்ந்த இடங்கள். 1999இல் கிழக்குத் திமோருக்குச் சிங்கப்பூர் மருத்துவக் குழு போனது. 2007இல் ஆப்கானிஸ்தானின் பாமியானில் நியூசிலாந்துக் குழுவோடு சேர்ந்து நம் பல் மருத்துவக் குழு இயங்கியது. இந்த மூன்றுக்கும் வேலைமுறை வேறு. ஆனால் ஒரு விதி மூன்றுக்கும் பொது: நோயாளி உள்ளூர்ச் சுகாதார நிலையத்தின் நோயாளி, நம்முடையவர் அல்லர். நாம் சில நாள் கைகொடுக்கிறோம். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த விதியிலிருந்தே பிறக்கின்றன.

யாருடைய அனுமதி வேண்டும்?

அந்த நாட்டு அரசு கேட்க வேண்டும், அல்லது நாம் முன்வந்ததை ஏற்க வேண்டும். பேரிடரில் வெளிநாட்டு ராணுவ உதவி பற்றிய ஐ.நா.வின் ஆஸ்லோ வழிகாட்டுதல்கள் (1994இல் வந்தவை, 2007இல் திருத்தப்பட்டவை) அதைக் கடைசி வழியாகவே வைக்கின்றன. அதே வேலையைச் செய்யக்கூடிய பொதுமக்கள் அமைப்பு இல்லாதபோதுதான் ராணுவம்.

அரசு அனுமதி வந்துவிட்டது என்று மருத்துவர் நோயாளியைத் தொட்டுவிட முடியாது. தற்காலிக மருத்துவப் பதிவு வேண்டும். பதிவுச் சான்றிதழ், பட்டம், சிறப்புப் பயிற்சிச் சான்று ஆகியவற்றின் பிரதிகளை உள்ளூர்ச் சுகாதார அமைச்சு கேட்கும். பேரிடர் என்றால் உலகச் சுகாதார நிறுவனத்தின் அவசர மருத்துவக் குழு முறைப்படி, வந்து இறங்கியதும் ஒருங்கிணைப்பு மையத்தில் பதிந்து, தினமும் அறிக்கை தர வேண்டும். அந்த முறையில் முதல் வகை நடமாடும் குழு நாளுக்குக் குறைந்தது 50 வெளிநோயாளிகளையும், முதல் வகை நிலையான குழு 100 பேரையும் பார்க்க வேண்டும். இரண்டாம் வகைக்கு 100 வெளிநோயாளிகள், 20 படுக்கைகள், நாளுக்கு 7 பெரிய அல்லது 15 சிறிய அறுவைச் சிகிச்சைகள். எந்த வகையானாலும் உணவு, தண்ணீர், மின்சாரம், கழிவறை எல்லாம் குழுவே கொண்டுபோக வேண்டும். பசியில் இருக்கும் ஊரில் அரிசி வாங்கிச் சமைக்கும் குழு ஊருக்கு இன்னொரு சுமை.

போவதற்கு முன் முன்னோடிக் குழு என்ன பார்த்து வரவேண்டும்?

முகாம் நன்றாக அமையுமா இல்லையா என்பது இங்கேயே முடிவாகிவிடும். மூன்று அல்லது நான்கு பேர், சில வாரங்களுக்கு முன்பு போக வேண்டும். ஒருவர் மருத்துவர், ஒருவர் தளவாடம், ஒருவர் நீர், துப்புரவு. பார்க்கும் முதல் ஆள் கிராமத் தலைவர் அல்லர், சுகாதார நிலையத்தின் தாதி. அவரிடம் கேட்க வேண்டியவை: கடந்த மூன்று மாதப் பதிவேட்டில் எந்த நோய்கள் அதிகம், எந்த மருந்து எப்போதும் இருப்பில் இருக்கிறது, எது அடிக்கடி தீர்ந்துபோகிறது, பிரசவம் சிக்கலானால் எங்கே அனுப்புகிறார், காசநோய்ச் சளிப் பரிசோதனை எங்கே நடக்கிறது, தடுப்பூசி நாள் எது.

தடுப்பூசி நாளைக் கேட்காமல் தேதி குறித்தால், நம் முகாம் நடக்கும் அதே நாளில் தாய்மார் எல்லாம் நம்மிடம் வந்துவிடுவார்கள். தடுப்பூசி போட வந்த தாதி காலி வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். சந்தை நாள், அறுவடை, தொழுகை நாள், தேவாலயம் போகும் நாள் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மின்சாரத்தையும் பார்த்து வரவேண்டும். சிங்கப்பூரின் மூன்று தட்டைக் கம்பிப் பிளக் இந்தோனீசியாவின் உருண்டைத் துளைகளில் போகாது. ஜெனரேட்டர் கொண்டுபோவதாக இருந்தால், ஓடும்போது எடுக்கும் வாட்டை மட்டும் கூட்டிக் கணக்குப் போடக்கூடாது. பல் மருத்துவக் கம்ப்ரெசர் கிளம்பும் கணத்தில் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். ஆட்டோகிளேவும் (கருவிகளை நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரம்) கம்ப்ரெசரும் ஒரே சிறு ஜெனரேட்டரில் இருந்தால், கம்ப்ரெசர் கிளம்பும்போதெல்லாம் ஆட்டோகிளேவ் சுழற்சி பாதியில் நிற்கும். அந்தக் கருவிகளைச் சுத்தமானவை என்று எண்ண முடியாது, மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். இரண்டையும் தனித்தனி ஜெனரேட்டரில் போடுவதே நல்லது.

நாளுக்கு 150 பேரைப் பார்க்க எத்தனை ஆட்கள் வேண்டும்?

கணக்கு மருத்துவரிடம் தொடங்குகிறது. மொழிபெயர்ப்பாளரோடு ஒரு நோயாளிக்கு எட்டு நிமிடத்துக்குக் குறையாது. மணிக்கு ஏழு பேர், ஆறு மணி நேரத்துக்கு 42 பேர். மூன்று மருத்துவர்கள் என்றால் 126. வாசிப்புக் கண்ணாடி, பூச்சி மருந்து என்று மருத்துவரிடம் போகாமலே முடிபவர்களைச் சேர்த்தால் 150 வரும். அவர்களோடு ஒரு பல் மருத்துவர், அவருக்கு ஓர் உதவியாளர், ஒரு மருந்தாளர், அவருக்கு இருவர், இரண்டு தாதியர், ஆறு மெடிக்குகள், நீருக்கும் துப்புரவுக்கும் ஒருவர், தளவாடத்துக்கு இருவர். மொழிபெயர்ப்பாளர்கள் ஆறு பேராவது வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் ஓர் உள்ளூர் ஊழியர் இருப்பது கட்டாயம்.

பலரும் மருத்துவரைக் கூட்டுவார்கள், மருந்து மேசையை மறந்துவிடுவார்கள். மருந்து எடுத்து, எண்ணி, எழுதி, விளக்கி, நோயாளியைத் திருப்பிச் சொல்ல வைப்பதற்குக் குறைந்தது மூன்று நிமிடம் ஆகும். ஒரே மருந்தாளர் என்றால் மணிக்கு இருபது பேர்தான். மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் நீளும் வரிசை பெரும்பாலும் இந்த மேசையில்தான் பிறக்கிறது.

நோயாளிகள் எந்த வழியில் நகர வேண்டும்?

ஒரே திசையில், வந்த வழி திரும்பாமல். வாசல், பதிவு, எடையும் இரத்த அழுத்தமும், மருத்துவர், மருந்து, வெளியே. முந்தின நாளே குடியிருப்பு வாரியாக 120 டோக்கன்கள் கொடுத்து, மீதி முப்பதை நடக்க முடியாத முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தொலைவிலிருந்து வந்தவர்களுக்கும் வைத்திருங்கள். டோக்கன் முழுவதையும் ஒருவர் கையில் கொடுத்தால் அவருடைய உறவுக்கே போய்விடும்.

வாசலில் மிக அனுபவமுள்ள மெடிக் நிற்க வேண்டும். குடிக்க முடியாத குழந்தை, வலிப்பு வந்த குழந்தை, எழுப்பினாலும் எழாத குழந்தை, மூச்சு வாங்குபவர், இரத்தப்போக்குள்ள கர்ப்பிணி ஆகியோர் வரிசையில் நிற்கக்கூடாது, நேரே உள்ளே. இருமலும் காய்ச்சலும் உள்ளவர்களுக்குக் காற்றோட்டமான தனி இடம், முகக்கவசம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் மேல்கையின் சுற்றளவை நாடாவால் அளக்க வேண்டும். 115 மில்லிமீட்டருக்குக் கீழ் என்றால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. அந்தக் குழந்தை வந்தது இருமலுக்காக இருக்கலாம், ஆனால் சிகிச்சை அங்கேதான் தொடங்க வேண்டும்.

எந்த நோய்களை எதிர்பார்க்கலாம்?

சிங்கப்பூரில் பயிற்சி பெற்ற மெடிக்குகள் குண்டுக் காயத்துக்கும் வெப்பத் தாக்கத்துக்கும் ஆயத்தமாகப் போவார்கள். அங்கே காத்திருப்பது பலதுறை மருந்தகத்தில் பார்ப்பவையும் அதற்கு மேல் சிலவும். தண்ணீர்க் குடம் சுமந்த பெண்களின் கழுத்து வலி, முதுகு வலி, முழங்கால் வலி. சொறி சிரங்கு. குடற்புழு. சொத்தைப் பல். கண்புரை. இரத்த அழுத்தம், நீரிழிவு. குழந்தைகளின் இருமல், வயிற்றுப்போக்கு.

சொறியில் (ஸ்கேபீஸ்) குழுக்கள் அடிக்கடி தோற்கின்றன. 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்துக்குக் கீழே உடல் முழுதும் பூசி, 8 முதல் 14 மணி நேரம் வைத்துக் கழுவ வேண்டும். ஒரு வாரத்தில் மறுபடி. பெரியவர் ஒருவருக்கு ஒரு முறைக்கே 30 கிராம் குழாய் ஒன்று போகும். வீட்டில் எல்லாரும் ஒரே இரவில் பூச வேண்டும், அரிக்காதவரும்கூட. ஆறு பேர் வீட்டுக்கு ஒரே குழாய் கொடுத்தால் களிம்புதான் வீண். அத்தனை குழாய் இல்லையென்றால், ஐவர்மெக்டின் மாத்திரையை (கிலோவுக்கு 200 மைக்ரோகிராம்) உள்ளூர்த் திட்டத்தோடு சேர்ந்து கொடுப்பதைப் பற்றி முன்கூட்டியே பேச வேண்டும். 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை.

குடற்புழுவுக்கு அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரே வேளை. ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்கு 200 மி.கி. முதல் மூன்று மாதக் கர்ப்பிணிக்கு வேண்டாம். பள்ளியில் போன மாதம்தான் கொடுத்தார்கள் என்றால் நாமும் கொடுக்கத் தேவையில்லை. மாத்திரையை முழுங்க வைக்கக் குழந்தையின் வாயில் திணிக்காதீர்கள், புரையேறும். நசுக்கி நீரில் கலந்து கொடுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாகமும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் துத்தநாகம் நாளுக்கு 20 மி.கி., பத்து முதல் பதினான்கு நாள். கரைசல் பொட்டலத்தை ஒரு லிட்டருக்குக் கரைக்கச் சொன்னால், அந்த வீட்டில் ஒரு லிட்டர் எந்தப் பாத்திரம் என்று கேட்டு, அந்தப் பாத்திரத்தில் கோடு போட்டுக் காட்டுங்கள். பாதித் தண்ணீரில் கரைத்த பொட்டலம் குழந்தைக்கு ஆபத்து.

குழந்தையின் இருமலில் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். 2 முதல் 11 மாதத்தில் 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயதில் 40 அல்லது அதற்கு மேல் என்றால் நிமோனியா என்று கொள்ளலாம். அமாக்ஸிசிலினைக் கரையும் மாத்திரையாகக் கொண்டுபோங்கள். பொடியில் நீர் ஊற்றிக் கலக்கும் சிரப்புக்குச் சுத்தமான நீரும் குளிர்பெட்டியும் வேண்டும், அந்த வீட்டில் இரண்டும் இருக்காது.

பெரியவரின் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால் சளி மாதிரி எடுத்து உள்ளூர்க் காசநோய்த் திட்டத்திடம் கொடுங்கள். லெவோஃப்ளாக்சசின் போன்ற மருந்தை இவருக்குக் கொடுக்கவே கூடாது. சில நாள் காசநோயை அடக்கி, நோயறிதலைத் தள்ளிப்போட்டுவிடும்.

சுனாமி, புயல் போன்றவற்றுக்குப் பிறகு இன்னொன்று. அழுக்குக் காயங்களை முதல் நாளே தைத்து மூடிவிடாதீர்கள். கழுவி, இறந்த திசுவை நீக்கி, திறந்தே கட்டி, நாலைந்து நாள் கழித்துப் பார்த்து மூடுங்கள். 2005 ஜனவரியில் அச்சேயில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு டெட்டனஸ் வந்தது. காயம் பட்டு ஒன்றிரண்டு வாரத்தில் வரும் நோய் அது. முதல் அலைக் குழு திரும்பத் தயாராகும் நேரத்தில் நோயாளிகள் வருவார்கள்.

இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்களுக்கு மருந்து கொடுக்கலாமா?

இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லும் குழுதான் அதிகத் தீங்கு செய்கிறது. மலை ஏறி வந்து, வரிசையில் நின்று, சீருடையைப் பார்த்துப் படபடக்கும் அறுபது வயதுக்காரருக்கு 170/100 காட்டும். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, சரியான அளவுக் கைப்பட்டையோடு இரண்டு முறை எடுங்கள். பிறகும் அழுத்தம் அதிகம் என்றால், முதல் கேள்வி: இந்தச் சுகாதார நிலையத்தில் எந்த மருந்து தொடர்ந்து கிடைக்கும்? அம்லோடிபின் கிடைக்கும் என்றால் அம்லோடிபின் 5 மி.கி. தொடங்கி, தாதியின் பதிவேட்டில் பெயர் ஏற்றி, அடுத்த மாதம் வரும் தேதியைச் சீட்டில் எழுதுங்கள். கிடைக்காது என்றால், நம்மிடம் இருக்கும் புதிய மருந்தை இரண்டு வாரத்துக்குக் கொடுப்பதில் நன்மை இல்லை. மருந்து தீர்ந்ததும் அழுத்தம் பழைய நிலைக்குத் திரும்பும். “வெளிநாட்டு மருந்துதான் நல்லது, தாதியிடம் இருப்பது சரியில்லை” என்ற எண்ணம் மட்டும் ஊரில் தங்கும்.

நிஃபெடிபின் மாத்திரையை நாக்கடியில் வைத்து உடனே அழுத்தத்தை இறக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம், பக்கவாதம் வரலாம். 180/110க்கு மேல் இருந்து தலைவலி, பார்வை மங்கல், நெஞ்சுவலி இருந்தால் அவரை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். வலிமாத்திரையிலும் கவனம். டைக்ளோஃபினாக்கைப் பை நிறையக் கொடுத்தால் அழுத்தமும் ஏறும், சிறுநீரகமும் கெடும், வயிற்றில் புண்ணும் வரும். பாரசிட்டமால் போதும்.

எந்த மருந்தைக் கொண்டுபோகக்கூடாது?

அந்த நாட்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இல்லாதவை, நம் வணிகப் பெயர் மட்டும் அச்சிட்டவை, காலாவதிக்கு அண்மையானவை. மருந்து நன்கொடைக்கான உலகச் சுகாதார நிறுவன நெறிமுறை, போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சமிருக்க வேண்டும் என்கிறது.

மார்ஃபின், கேட்டமின், டயஸபாம் போன்றவற்றுக்கு நம் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஏற்றுமதி அனுமதியும் அந்த நாட்டின் இறக்குமதி அனுமதியும் முன்பே கையில் இருக்க வேண்டும். அளவு ஓர் ஆம்பூல் வேறுபட்டாலும் சுங்கத்தில் பெட்டி முழுதும் நிற்கும். எனவே இவற்றைத் தனிப் பெட்டியில், தனிப் பட்டியலோடு, பொறுப்பாளர் ஒருவர் கையில் கொண்டுபோங்கள்.

தடுப்பூசி, இன்சுலின் எல்லாம் 2 முதல் 8 பாகை செல்சியஸில். வெப்பத்தைவிட உறைதலே பெரிய பகை. டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி தடுப்பூசிகள் உறைந்தால் கெட்டுவிடும். உறைந்த ஐஸ் பொதியை நேரே பெட்டியில் வைக்காமல், ஆட்டினால் உள்ளே நீர் சலசலக்கும் வரை வெளியே வைத்திருந்து பிறகு அடுக்குங்கள்.

மருந்துப் பையில் எழுத்தோடு படமும் வேண்டும்: சூரியன் உதயம், உச்சி, நிலா. எழுத்து அந்த ஊர் மொழியில் இருக்கட்டும். உறையின் மேல் மருந்தின் பொதுப்பெயரும் மில்லிகிராமும் தெளிவாக இருந்தால், பின்னால் பார்க்கும் மருத்துவருக்குப் புரியும்.

மொழிபெயர்ப்பாளராக யாரை வைக்கலாம்?

நோயாளியின் பிள்ளையை வேண்டாம். கிராமத் தலைவரையும் வேண்டாம். மாதவிடாய், கருக்கலைவு, அடி உதை பற்றி எந்தப் பெண்ணும் அவர்முன் வாய் திறக்க மாட்டார். பெண் நோயாளிக்குப் பெண் மொழிபெயர்ப்பாளர். நம் குழுவில் மலாய் பேசுபவர் இருப்பது இந்தோனீசியாவிலும் புருணையிலும் பெரிய துணை. ஆனால் அச்சேயின் உட்பகுதி முதியவர் அச்சே மொழியில்தான் வலியைச் சொல்வார். கிழக்குத் திமோரில் தேத்தும் மொழி தெரிந்தவர் வேண்டும். முகாமுக்கு முந்தின மாலை ஒரு மணி நேரம் மொழிபெயர்ப்பாளர்களோடு உட்கார்ந்து, சுருக்காமல் சொல்ல வேண்டும், நோயாளி பேசியதை வெளியே சொல்லக்கூடாது, புரியாததைத் தடுத்துக் கேட்கலாம் என்ற மூன்றையும் பேசிவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு. களைத்த மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றுக்கும் “ஆம்” என்பார்.

பல் மருத்துவத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பல் பிடுங்குவதுதான் கிராம முகாமில் உடனே பலன் தெரியும் சிகிச்சை. மாதக்கணக்கில் தூங்காத ஒருவர் அன்றிரவு தூங்குவார். தடை மருத்துவரின் வேகத்தில் இல்லை, கருவி சுத்திகரிப்பில் இருக்கிறது. ஆட்டோகிளேவ் 134 பாகையில் சில நிமிடம்தான் பிடிக்கும், ஆனால் சூடேறுவது, உலர்வது எல்லாம் சேர்த்து ஒரு சுழற்சிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். கழுவித் தேய்த்து உறையிலிட இன்னொரு அரை மணி. ஒரு சுழற்சியில் ஆறு கருவித் தொகுதி போகும் என்றால், நாளுக்கு இருபது பேருக்குப் பன்னிரண்டு தொகுதிகளாவது வேண்டும். உறை ஈரமாக வந்தால் அது சுத்தமானதாகக் கருதப்படாது. மழைக்கால முகாமில் உலர்த்தும் நேரத்தை வெட்டுவதே வழக்கமான தவறு.

ஊசி போடும் முன் இரத்த அழுத்தம், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, கர்ப்பம், இதற்குமுன் பல் பிடுங்கியபோது இரத்தம் நிற்காமல் போனதா என்பவற்றைக் கேட்க வேண்டும். பஞ்சைக் கடித்தபடி அரை மணி நேரம் கண்முன்னே உட்கார வைத்துப் பிறகு அனுப்புங்கள். மரத்துப்போன உதட்டைக் குழந்தைகள் கடித்துக் கிழித்துக்கொள்வார்கள், தாயிடம் சொல்ல வேண்டும். பல் குழி வறண்டு வரும் கடும் வலி இரண்டு முதல் நான்கு நாள் கழித்துத்தான் தொடங்கும். எனவே கடினமான பிடுங்கல்களை முதல் நாள்களில் வையுங்கள். கடைசி நாளில் ஆடும் பல்லுக்கு மேல் எதையும் தொட வேண்டாம்.

அறுவைச் சிகிச்சை செய்யலாமா?

கூடாரத்தில் திட்டமிட்ட அறுவை வேண்டாம். அமெரிக்காவின் மெர்சி போல 1,000 படுக்கை கொண்ட மருத்துவக் கப்பல் வந்தால் கண்புரை, குடலிறக்கம், உதட்டுப் பிளவு ஆகியவற்றைச் செய்ய முடியும். அப்போதும் கப்பல் ஆழம் கருதித் தொலைவில் நிற்கும், நோயாளி படகிலோ ஹெலிகாப்டரிலோ போய்வர வேண்டும். கப்பல் கிளம்பும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பட்டியல் போட வேண்டும். கண்புரைக்கு மறுநாளும் ஒரு வாரத்திலும் பார்க்க வேண்டும், சொட்டு மருந்து நான்கிலிருந்து ஆறு வாரம் போகும். பின்னால் பார்க்க உள்ளூர்க் கண் மருத்துவரோ பயிற்சி பெற்ற தாதியோ இல்லையென்றால் அந்தக் கண்ணைத் தொடாதிருப்பதே நேர்மை.

உயிருக்கு ஆபத்தான நிலையில் ஒருவர் வந்துவிட்டால்?

முகாம் தொடங்கும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டிய பதில் இது. சிசேரியன் செய்யும் மிக அருகிலுள்ள மருத்துவமனை எது, மழையில் சாலை வழி எத்தனை மணி நேரம், வண்டிக்கும் பெட்ரோலுக்கும் யார் பணம், கூட யார் போவது, நம் ஹெலிகாப்டரில் ஏற்ற அந்த நாட்டு அனுமதி உண்டா, இரவில் பறக்குமா. திரும்பிவரும் செலவும் கணக்கில் வேண்டும். நூறு கிலோமீட்டர் தொலைவில் நோயாளி இறந்தால் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவு அந்தக் குடும்பத்தைக் கடனில் தள்ளும். இதற்குப் பயந்தே பலர் போக மறுக்கிறார்கள். செலவை யார் ஏற்பது என்று முதலிலேயே சொல்லிவிட்டால், உடன்படுவார்கள்.

நீர், கழிவறை, கழிவு பற்றி ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்?

ஹைட்டியை நினைத்தால் புரியும். 2010 அக்டோபரில் ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒன்றின் கழிவு ஆற்றில் கலந்து, அந்த நாட்டில் காலரா புகுந்தது. பல ஆயிரம் பேர் இறந்தார்கள். உதவ வந்த சீருடைக்காரர்கள் கொண்டுவந்த நோய் அது. 2016இல் ஐ.நா. தன் பங்கை ஒப்புக்கொண்டது.

கழிவறை நீர்நிலையிலிருந்து 30 மீட்டருக்குக் குறையாத தொலைவில், நிலத்தடி நீருக்கு 1.5 மீட்டர் மேலே குழியின் அடி இருக்கும்படி. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி, உள்ளே தாழ்ப்பாள். வெளிநோயாளி ஒருவருக்கு 5 லிட்டர் என்று 150 பேருக்கு 750 லிட்டர் நீர், குழுவின் தேவை தனி. குளோரின் சேர்த்து அரை மணி கழித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மி.கி. மிச்சம் காட்ட வேண்டும். கலங்கல் நீரில் குளோரின் வேலை செய்யாது, முதலில் தெளிய வையுங்கள்.

ஊசிப் பெட்டி முக்கால் நிறைந்ததும் மூடிவிட வேண்டும். பயன்படுத்திய ஊசியைக் குழியில் புதைத்துவிட்டுப் போனால் அடுத்த மழையில் குழந்தைகள் எடுப்பார்கள். எரிப்பதற்கு இடமில்லையென்றால் கப்பலுக்கே திரும்பக் கொண்டுவாருங்கள்.

ஆயுதத்தோடு மருத்துவம் பார்ப்பது சரியா?

முதலாம் ஜெனீவா உடன்படிக்கைப்படி மருத்துவப் பணியாளர் தம்மையும் நோயாளிகளையும் காக்க ஆயுதம் வைத்திருக்கலாம். ஆனால் முகாமுக்குள் ஆயுதம் வரக்கூடாது என்பதே நல்ல நடைமுறை. காவல் வெளி வேலியில் நிற்கட்டும், முடிந்தால் அந்த நாட்டுப் படையினரே நிற்கட்டும்.

இன்னும் பெரிய விஷயம் தகவல். நோயாளியிடம் நோய்க்குத் தேவையானதைத் தவிர எதையும் கேட்கக்கூடாது. யார் எங்கே இருக்கிறார், இரவில் யார் வருகிறார் என்ற கேள்விகள் மருத்துவ மேசையில் வரவே கூடாது. 2011இல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் உளவுக்காகப் போலித் தடுப்பூசி முகாம் நடத்தப்பட்டது வெளியானபின், தடுப்பூசி ஊழியர்கள்மீதே சந்தேகம் விழுந்தது. இனி தடுப்பூசித் திட்டங்களை உளவுக்குப் பயன்படுத்தமாட்டோம் என்று 2014இல் அமெரிக்க அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. ஏதோ ஒரு ஊரில் கேட்ட ஒரு தவறான கேள்விக்கு, எங்கோ ஒரு தாதி விலை கொடுப்பார்.

படம் எடுப்பதும் இதில் சேரும். நோயாளியின் முகம், குழந்தையின் உடல், மருந்துச் சீட்டு எதுவும் குழுவினரின் கைப்பேசியில் இருக்கக்கூடாது.

என் மகன் போகிறான். அவன் உடல்நலத்துக்கு என்ன ஏற்பாடு?

ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு, டெட்டனஸ் தடுப்பூசிகள், இடத்தைப் பொறுத்து வெறிநாய்க்கடி முன்தடுப்பூசி. மலேரியா உள்ள இடம் என்றால் டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினமும், போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, திரும்பி வந்து நான்கு வாரம் வரை. திரும்பியபின் மறந்துவிடுவதுதான் வழக்கம். சாங்கியில் இறங்கியதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பார்கள். வீட்டில் நீங்கள் நினைவூட்டுங்கள். வெறும் வயிற்றில் போட்டுப் படுத்தால் நெஞ்செரியும், சாப்பிட்டு ஒரு தம்ளர் நீரோடு போட வேண்டும். திரும்பி வந்த பிறகு காய்ச்சல் வந்தால், டெங்கி என்று நீங்களே முடிவு செய்யாமல், எந்த நாட்டுக்குப் போனான் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

உறக்கமின்மை, கோபம், பேசாமல் இருத்தல் சில வாரம் நீடித்தால் படைப்பிரிவின் ஆலோசகரிடம் போவதில் எந்தக் குறையும் இல்லை.

குழு திரும்பும்போது எதை விட்டுவர வேண்டும்?

முதலில் பதிவேடு. யாருக்கு என்ன நோய், என்ன மருந்து, யாரை எப்போது பார்க்க வேண்டும் என்ற பட்டியல், அந்த ஊர் மொழியில், தாளில். தாதியோடு உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்து ஒப்படைக்க அரை நாள் ஒதுக்குங்கள். கடைசி நாளில் நோயாளிகளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு இதைச் செய்தால்தான் முடியும்.

கருவிகளில், உதிரிபாகமும் பழுதுபார்ப்பவரும் அங்கே இருப்பதை மட்டும். வடிகட்டி கிடைக்காத ஆக்ஸிஜன் இயந்திரம் தூசியில் சில மாதத்தில் நின்றுபோகும். கையால் அடிக்கும் இரத்த அழுத்தக் கருவி, தராசு, மூச்சு எண்ணும் கடிகாரம், மேல்கை அளக்கும் நாடா ஆகியவை நீடிக்கும். அவற்றோடு, நம் மெடிக் உள்ளூர் ஊழியருக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்த வேலை.

எத்தனை பேரைப் பார்த்தோம் என்ற எண்ணை அறிக்கையில் எழுதத்தான் வேண்டும். அதோடு, அனுப்பிய நோயாளிகளில் எத்தனை பேர் மருத்துவமனை போய்ச் சேர்ந்தார்கள், மருந்து தொடங்கியவர்களில் எத்தனை பேர் அடுத்த மாதம் தாதியிடம் வந்தார்கள் என்பதையும் மூன்று மாதம் கழித்துக் கேட்டுச் சேருங்கள். அடுத்த பயணத்தைத் திட்டமிட உதவும் எண்கள் அவை.

எங்கள் அமைப்பில் வீட்டிலுள்ள மீதி மருந்துகளைச் சேகரித்துத் தரலாமா?

வேண்டாம். ஒருமுறை நோயாளியிடம் கொடுக்கப்பட்ட மருந்தை நன்கொடையாகத் தரக்கூடாது என்பதும் உலகச் சுகாதார நிறுவன நெறிமுறை. எந்த வெப்பத்தில் இருந்தது என்று தெரியாது, பிரிக்கவும் எரிக்கவும் அங்குள்ளவருக்குச் செலவு. தர விரும்பினால் புதிய வாசிப்புக் கண்ணாடிகள் (+1.00 முதல் +3.00 வரை, +2.00ஐச் சுற்றி அதிகமாக), குழந்தைகளுக்கான பல்துலக்கிகள், சோப்பு ஆகியவற்றை எத்தனை வேண்டும் என்று கேட்டுத் தாருங்கள். கண்ணாடிகளை எண் வாரியாகப் பிரித்து, பெட்டியின் வெளியே எண்ணையும் எண்ணிக்கையையும் எழுதிக் கொடுத்தால் முகாமில் ஒருவர் ஒரு மணி நேரத்தில் நாற்பது பேருக்குப் பொருத்திவிடலாம்.